புண் போதவில்லை

தர்மேந்திரனின் முதுகில் இருந்த புண்ணின் நீளம் எட்டு மில்லிமீட்டர். மாநிலத் தொழிலாளர் உடல்தகுதி வாரியத்தின் விதிப்படி அது புண்ணே அல்ல. ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த எதுவும் அங்கே கீறல் என்றுதான் பதிவாகும். பூனை பிராண்டினாலும் சரி, முதுகெலும்புக்குள் குழாயை விட்டு, நரம்பை நசுக்கிக்கொண்டிருந்த டிஸ்க்கின் பிதுக்கத்தைக் கிள்ளி வெளியே எடுத்தாலும் சரி, வாரியத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

தர்மேந்திரனுக்கு நாற்பத்தேழு வயது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்தபோது ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினார். மெங்லெம்புவில் தரைக்குப் போடும் டைல்ஸ் விற்கும் கம்பெனி ஒன்றின் கிடங்கில் பத்தொன்பது வருடமாகப் பெட்டி தூக்குகிறார். ஒரு பெட்டி முப்பது கிலோ. பெட்டியின் மேல் 'இருவர் சேர்ந்து தூக்கவும்' என்று மூன்று மொழிகளில் அச்சடித்திருக்கும். அந்த இன்னொருவரைப் பத்தொன்பது வருடமாகக் கம்பெனி வேலைக்கு எடுக்கவில்லை.

ஐந்து வருடமாக வலி. இடுப்பில் கிளம்பி இடது கால் பெருவிரல் வரை இழுக்கும். கோயோக் என்ற வலிப் பிளாஸ்திரியை ஒட்டி ஒட்டித் தோல் உரிந்தது. சீனக் கிழவர் ஒருவரிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டார். சாமிக்கு நேர்ந்துகொண்டார். கடைசியில் டாக்டர் சுபாஜினிதான் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, பெரிய வெட்டு வேண்டாம், சின்னத் துளை போதும் என்றார். காலையில் போனவர் மாலையில் எழுந்து நடந்தார். கால் வலிக்கவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் பத்தடி நடந்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐந்து வருடத்துக்குப் பிறகு தன் கால் தனக்கே திரும்பக் கிடைத்தால் யாரும் அழத்தான் செய்வார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். "வெளியிலதான் துளை சின்னது. உள்ள ஆறணும். ஆறு வாரத்துக்கு மூணு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. குனியக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு மேல ஒரே இடத்துல உட்காரக் கூடாது. நல்லா நடங்க. இப்ப பாரம் தூக்கினீங்கன்னா மறுபடி பிதுங்கும். அடுத்த தடவை கால் செயல் இல்லாமலே போயிடலாம்."

இரண்டு வார மருத்துவ விடுப்பு முடியப்போகும் நேரத்தில் கிடங்கு சூப்பர்வைசர் அப்பாவு போன் செய்தார். "மச்சான், டாக்டர் சூராட்டு கம்பெனிக்கு செல்லாதாம். வாரியத்து சூராட்டு வேணும்னு பாஸ் சொல்றாரு. அத கொண்டாந்தா திங்கக்கிழமையிலருந்து நீ கௌண்டர்ல நின்னுகிட்டு ஸ்டிக்கர் ஒட்டலாம். இல்லாட்டி பழைய வேலதான். வரலன்னா ஆள் மாத்திருவாங்க. நான் என்னா செய்ய முடியும் சொல்லு?"

சூராட்டு என்றால் கடிதம். அது திங்கட்கிழமைக்குள் வேண்டும். அன்று செவ்வாய்.

வாரியம் ஈப்போவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. படியேற இயலாதவர்கள் அதற்கான சலுகை மனுவை மூன்றாம் மாடியில் பெற்றுக்கொள்ளலாம் என்று கீழே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தர்மேந்திரன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். அவருக்குக் கிடைத்த எண் அறுபத்துமூன்று. ஓடிக்கொண்டிருந்தது பதினெட்டு. அவர் சுவரோரமாக நின்றார்.

"அண்ணே, உக்காருங்க" என்றார் காவலாளி. "நிக்கிறவங்க நம்பர கூப்புட மாட்டாங்க. உக்காந்தாதான் வந்திருக்கீங்கன்னு அர்த்தம்."

"எனக்கு ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுண்ணே. ஆபரேஷன்."

"இங்க வர்றவங்க எல்லாருக்குமே அப்படித்தான். அதுக்காக ரூல்ஸ மாத்த முடியுமாலா?"

இருபது நிமிடம் உட்கார்ந்தார், ஐந்து நிமிடம் நடந்தார். நடந்த நேரம் பார்த்து எண் போய்விட்டது. புது எண் எடுத்தார். அதுவும் போனது. மூன்றாவது எண்ணுக்கு, நடக்கும்போது நாற்காலியின் மேல் தன் தொப்பியை வைத்துவிட்டுப் போனார். தொப்பி உட்கார்ந்திருந்ததால் அவரைக் கூப்பிட்டார்கள்.

முகப்பில் இருந்த பெண்ணின் பெயர் ஷாமினி. நல்ல பெண். கேள்வி கேட்டுக் கணினியில் பதில் அடிப்பதுதான் அவள் வேலை.

"புண்ணு எவ்வளவு நீட்டுண்ணே?"

"எட்டு மில்லிமீட்டர்மா."

அடித்தாள். கணினி ஒரு முறை கத்தியது. மறுபடி அடித்தாள். மறுபடி கத்தியது.

"சிஸ்டம் வாங்க மாட்டேங்குதுண்ணே. அஞ்சு சென்டிமீட்டர்லருந்துதான் ஆரம்பிக்குது. அஞ்சுலருந்து முப்பது வரைக்கும் இருந்தாத்தான் லேசான வேலைக்கு சூராட்டு."

"இது புது மாதிரி ஆபரேஷன்மா. வெட்ட மாட்டாங்க. ஓட்ட போட்டு எடுப்பாங்க."

"ஓட்டைக்குக் கட்டம் இல்லண்ணே. வெட்டுக்குத்தான் இருக்கு." அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். "டாக்டர்கிட்ட சொல்லி கொஞ்சம் பெரிசா வெட்டிக்கிட்டு வந்திருக்கலாம்லண்ணே?"

"பெரிசா வெட்ட வேணாம்னுதானம்மா இத கண்டுபுடிச்சிருக்காங்க."

"அவங்க பாட்டுக்குக் கண்டுபுடிச்சிடுவாங்க. எங்களுக்குச் சொல்லணும்ல?"

மேல்முறையீடு செய்யலாம் என்றாள். வெள்ளிக்கிழமை வாரியத் தலைவரே நேரில் கேட்பார். ஆனால் மேல்முறையீட்டுக்கு முன்னால் வாரியத்தின் ஊக்க வகுப்பில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். அது புதன்கிழமை. எத்தனை மணி நேரம் என்று கேட்டார். மூன்று மணி நேரம் என்றாள்.

'வலியை வெல்வோம்' என்று மேடைக்குப் பின்னால் துணி கட்டியிருந்தார்கள். முப்பது பேர் இரும்பு நாற்காலிகளில் ஒரு பக்கமாகச் சாய்ந்தும், பிட்டத்தை மாற்றி மாற்றி வைத்தும் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது பேருமே முதுகுக்காரர்கள். மதிப்பீட்டு அதிகாரி ரஜீவ், கையில் ஒலிவாங்கியோடு, ரப்பர் பந்து போலத் துள்ளித் துள்ளி நடந்து பேசினார்.

"வலி எங்க இருக்கு? முதுகுலயா? இல்ல! மனசுல! நான் சும்மா சொல்லல. ஆய்வு இருக்கு. போன வருஷம் நம்ம வாரியத்துக்கு நானூத்திப் பன்னெண்டு பேரு வலின்னு மனு போட்டாங்க. நானூறு மனுவ நாங்க தள்ளுபடி செஞ்சோம். அந்த நானூறு பேர்ல எத்தன பேரு மறுபடி வந்தாங்க தெரியுமா? ஒருத்தர்கூட வரல! அப்படின்னா என்னா அர்த்தம்? நானூறு பேரும் குணமாயிட்டாங்க! மருந்து கிடையாது, ஊசி கிடையாது. இந்த சாதனைக்காக நமக்கு விருது குடுத்திருக்காங்க."

கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். கை தட்டினால் முதுகு வலிக்காது என்பது ஒரு நிம்மதி.

பிறகு ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். அதில் ஆறு முகங்கள். முதல் முகம் சிரித்தது, கடைசி முகம் கண்ணீர் விட்டது. தன் வலி எந்த முகமோ அதில் கோடிட வேண்டும். தர்மேந்திரன் யோசித்து மூன்றாவது முகத்தில் கோடிட்டார். அதுதான் உண்மை. கால்வலி போய்விட்டது, முதுகில் மட்டும் புண் இழுக்கிறது. ரஜீவ் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"சிரிக்கிற முகம்னா உங்களுக்கு சூராட்டு தேவையில்ல. அழுற முகம்னா நீங்க மாடியேறி இங்க வந்திருக்கவே முடியாது, அதனால பொய். நடுவுல போட்டிருக்கீங்க. அப்படின்னா உங்களுக்கே தெளிவு இல்ல."

"எதுல போட்டா சார் சரி?"

"அத நீங்கதான் மனசாட்சிப்படி சொல்லணும்."

இருபது நிமிடம் ஆகியிருந்தது. தர்மேந்திரன் எழுந்து நின்றார்.

"ஏன் நிக்கிறீங்க?"

"டாக்டர் சொல்லியிருக்காங்க."

"நிக்க முடியுதுன்னா வேலைக்கும் போக முடியும்னு நான் எழுதிக்கலாமா?"

தர்மேந்திரன் சுபாவத்தில் சாது. பத்தொன்பது வருடத்தில் கம்பெனியில் குரல் உயர்த்திப் பேசியதில்லை. ஆனால் அன்று என்னவோ வாய் வந்துவிட்டது. "எழுதிக்குங்க. உக்கார முடியலன்னும் சேத்து எழுதிக்குங்க" என்றார். மீதி வகுப்பு முழுவதையும் நின்றும் சுவரோரம் நடந்தும் கேட்டார். பின்வரிசையில் இரண்டு பேர் அவரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்கள். ரஜீவ் மூன்று பேரின் பெயரையும் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஐயாவு வந்தார். அறுபத்தெட்டு வயது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை பார்த்தவர். தர்மேந்திரனின் மனைவி கலாதேவி நடந்ததை எல்லாம் சொன்னாள். ஐயாவு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, வாரியமாம் வாரியம். தோட்டத்துல காலையில பேரு கூப்புட்ற பெரட்டுக்கு நிக்கும்போது தொரை எத பாப்பான்? புண்ணையா பாப்பான்? கட்ட பாப்பான்! மோட்டார் சைக்கிள்ல போறப்பவே அவன் கண்ணுக்குத் தெரியணும். விரல்ல முள்ளு குத்தினவனுக்கு முழங்கை வரைக்கும் கட்டி விடுவேன். அவனுக்குப் புல்லு வெட்ற வேல. கட்டு இல்லாதவன் காச்சலோட பால்மரம் வெட்டப் போவான். தம்பி, புண்ணு எவ்வளவு இருந்தா என்னா, கட்டு பெரிசா இருக்கணும். எடுத்துகிட்டு வா துணிய."

தர்மேந்திரனுக்கு மனம் ஒப்பவில்லை. "பொய்யில்லையாண்ணே இது?"

"உனக்குப் புண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்பறம் என்னா பொய்யி? கட்டு நீளமா இருக்கக் கூடாதுன்னு எந்த சட்டத்துல போட்டிருக்கு?"

பன்னிரண்டு சுருள் பேண்டேஜும் போதாமல், கலாதேவி ஒரு பழைய வேட்டியையும் கிழித்துக் கொடுத்தாள். இடுப்பிலிருந்து அக்குள் வரை ஐயாவு கட்டினார். பழைய தொழில், கை மறக்கவில்லை. ஆங்காங்கே மஞ்சள் நிறத்தில் மருந்தையும் தடவினார். கண்ணாடியில் பார்த்தபோது தர்மேந்திரனுக்கே தன்மேல் பரிதாபம் வந்தது.

ராத்திரி படுக்கும்போது கலாதேவி சொன்னாள். "கெடைக்கலன்னா வேலைய வுட்டுடுங்க. கால் இருந்தா போதும். நான் இன்னொரு வீட்டுக்கு சமைக்கப் போறேன்."

"நாப்பத்தேழு வயசுல எவன் எனக்கு வேல குடுப்பான்? அந்தக் கௌண்டர் வேலைய என்னால செய்ய முடியும் கலா. ஆறே வாரம்தான் கேக்குறேன்" என்றார் தர்மேந்திரன். அவர் பயந்துபோயிருந்தார். அதைச் சொல்ல வெட்கப்பட்டு விளக்கை அணைத்துவிட்டார்.

மேல்முறையீடு நடக்கும் இடம் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு பழைய தொரை பங்களா. தர்மேந்திரன் பிறந்த அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பங்களாவை மட்டும் வாரியம் எடுத்து, வெள்ளையடித்து, மேல்முறையீட்டு மாளிகை என்று பலகை மாட்டியிருந்தது. கலாதேவிதான் கார் ஓட்டினாள். வழியில் செம்மோரில் ஓரங்கட்டி அவரைக் கொஞ்சம் நடக்க விட்டு மறுபடி ஏற்றிக்கொண்டு போனாள்.

வராந்தாவில் அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் உடம்பிலும் கட்டு. ஒருவருக்குக் கழுத்தில் தொடங்கி நெஞ்சு வரை. இன்னொருவருக்குத் தலையணையை வைத்துக் கட்டியது போல் இடுப்பு. எல்லோரும் ஏதோ ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள் என்பது கட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தர்மேந்திரனுக்குப் பக்கத்தில் நின்ற பெண் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். பெயர் பாப்பா. அவளுக்கும் டிஸ்க், அவளுக்கும் துளைதான்.

"உங்களுக்கு எத்தன மில்லிமீட்டர்ண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எட்டு."

"எனக்கு ஏழு" என்றாள் பாப்பா. ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்வது போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்தரை மணிக்கு வாரியத் தலைவர், அரசு கொடுத்த டத்தோ பட்டத்துக்காரர், டத்தோ ஸ்கந்தராஜா வந்தார். எல்லோரையும் நிற்க வைத்துச் சால்வை போட்டார்கள், அவருக்கு. கையில் ஒரு தடித்த, பழைய பேரேட்டுப் புத்தகம். அதை உள்ளே மேசைமேல் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வாசலில் நின்று பேசத் தொடங்கினார்.

"அன்பர்களே, நீங்கள் நிற்கும் இந்த மண்ணிலேதான் என் தகப்பனார் முப்பது வருடம் டிரெசராக, மருந்து கொடுப்பவராகச் சேவை செய்தார். தோட்டத்து மருந்தகத்தில் யார் வந்தாலும் பெயர், நோய், மருந்து, மூன்றையும் தன் முத்து முத்தான கையெழுத்திலே எழுதி வைத்தார். இதுதான் அந்தப் புத்தகம். நான் முழுதும் வாசித்தேன். காய்ச்சல் உண்டு. பாம்புக்கடி உண்டு. பால்வெட்டுக் கத்தி பட்ட காயம் உண்டு. வயிற்றுப்போக்கு ஏராளம் உண்டு. ஆனால் முதுகுவலி? ஒன்றுகூட இல்லை! உங்கள் தாய் தகப்பன் காண்டாக் கம்பில் இரண்டு வாளி ரப்பர் பால் தொங்கவிட்டு, தோளிலே வைத்து மைல் கணக்கில் நடந்தவர்கள். அவர்களுக்கு டிஸ்க் இருந்ததா? இல்லை! படம் பிடிக்கிற இயந்திரம் வந்த பிறகுதான் டிஸ்க் வந்தது. அந்த இயந்திரங்களை எடுத்துவிட்டால் இந்த நாட்டிலே முதுகுவலி இராது. அமைச்சுக்கு நான் எழுதியிருக்கிறேன்."

கைதட்டச் சொல்ல ரஜீவ் இருந்தார். தட்டினார்கள்.

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். முதல் பெயர் தர்மேந்திரனுடையது. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கட்டைப் பார்த்ததும் டத்தோவின் முகம் மலர்ந்தது.

"ஆகா! இதல்லவா அறுவை! துளை, துளை என்று ஏமாற்றுகிறார்களே, இவரைப் பாரும் ரஜீவ். அளந்து பாரும்."

ரஜீவ் தையல் நாடாவைக் கட்டின் மேல் வைத்து அளந்தார். "நாப்பத்தொண்ணு டத்தோ." பட்டியலைப் புரட்டினார். "முப்பதுக்கு மேல. நிரந்தர இயலாமை. வேலையிலிருந்து விடுவிக்கப் பரிந்துரை."

"விடுவிக்கன்னா?" என்றார் தர்மேந்திரன்.

"இனி நீர் வேலைக்கே போகத் தேவையில்லை" என்றார் டத்தோ கனிவாக. "கம்பெனிக்கு இன்றைக்கே எழுதிவிடுவோம். வாழ்த்துகள்."

ஐயாவு அண்ணன் அரைச் சாண் கூடுதலாகக் கட்டிவிட்டார். தோட்டத்தில் கட்டுக்கு மேல்வரம்பு இருந்ததில்லை.

"டத்தோ, எனக்கு வேல வேணும். ஆறு வாரத்துக்கு லேசான வேல. அதுக்கப்பறம் நான் முழுசா வேல செய்வேன். அவ்வளவுதான் கேக்குறேன்."

"நாற்பத்தொன்றுக்கு அது கிடையாது."

"இது புண்ணு இல்ல டத்தோ. கட்டு."

"அளந்தது அளந்ததுதான்" என்றார் ரஜீவ்.

தர்மேந்திரன் வாசலைப் பார்த்து, "கலா, உள்ள வா" என்று கூப்பிட்டார். "அவுத்துவுடு."

அவர் திரும்பக் கூடாது, குனியக் கூடாது. அதனால் அவர் நட்டுவைத்தது போல் நடுவில் நிற்க, கலாதேவி துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கோயிலைச் சுற்றுவது போல் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "அவுக்கக் கூடாது, அளந்தாச்சு!" என்று ரஜீவ் பின்னாலேயே சுற்றினார். நான்கு நிமிடம் ஆனது. தரையில் துணி குவிந்தது. கடைசியில் தர்மேந்திரனின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்திரி. அதையும் அவள் பிய்த்தாள்.

டத்தோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "எங்கே?"

"இங்கதான் டத்தோ" என்று கலாதேவி விரலால் காட்டினாள்.

"இதுவா? இது மச்சமல்லவா?"

"மச்சம் அது. புண்ணு இது."

டத்தோ நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "வாரியத்தையே ஏமாற்றப் பார்த்தீரா? ரஜீவ், இவருக்குச் சோதனை வையும்."

அறையின் மூலையிலிருந்து ரஜீவ் ஓர் அரிசி மூட்டையைக் காலால் தள்ளித் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தார். இருபத்தைந்து கிலோ. கையால் தூக்காமல் காலால் தள்ளியதற்குக் காரணம் கேட்க அங்கே கட்டம் இல்லை.

"தூக்குங்க" என்றார் ரஜீவ். "தூக்கிட்டா நீங்க வேலைக்குத் தகுதி. தூக்கி விழுந்துட்டா ஒடனே லேசான வேலைக்கு சூராட்டு, இங்கயே, இப்பவே. ஆம்புலன்ஸும் எங்க செலவு."

கலாதேவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தர்மேந்திரன் மூட்டையைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக இதைவிடக் கனமானதை நாளுக்கு இருநூறு தடவை தூக்கியவர். தூக்க முடியும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. தூக்கினால் என்ன ஆகும் என்றும் முதுகுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளாக வராத கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது.

"தூக்க மாட்டேன்."

"என்னா?"

"தூக்க மாட்டேன் சார். என் காலு எனக்கு வேணும்."

"அப்படிச் சொல்ல முடியாது" என்றார் ரஜீவ், படிவத்தைக் காட்டி. "தூக்கினார், தூக்கி விழுந்தார். ரெண்டு கட்டம்தான் இருக்கு."

டத்தோ கண்ணாடிப் பெட்டியைத் தட்டினார். "உம்முடைய தாய் தகப்பன் இதே தோட்டத்தில் தூக்கினார்கள். ஒருவர்கூட முதுகு வலிக்கிறது என்று சொன்னதில்லை. புத்தகமே சாட்சி."

"அந்த புஸ்தகத்துல காளியம்மான்னு ஒரு பேரு இருக்கும். எம்பத்தாறாம் வருஷம். பாருங்க."

டத்தோவுக்குத் தன் தகப்பனாரின் புத்தகத்தை யார் கேட்டாலும் பெருமைதான். பெட்டியைத் திறந்து ரஜீவிடம் கொடுத்தார். ரஜீவ் பக்கம் பக்கமாகத் தேடினார். "இருக்கு டத்தோ. காளியம்மா. வயிற்றுப்போக்கு." அடுத்த பக்கம். "மறுபடி காளியம்மா, வயிற்றுப்போக்கு." விரலால் எண்ணிக்கொண்டே போனார். "ரெண்டு மாசத்துல பதினோரு தடவ."

"அது எங்கம்மா" என்றார் தர்மேந்திரன். "அவங்களுக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. முதுகுவலி. பால் தூக்கி வந்த வலி. எனக்கு எட்டு வயசு, நான்தான் கையப் புடிச்சு உங்கப்பாகிட்ட கூட்டிக்கிட்டுப் போவேன். முதுகு வலிக்குதுய்யான்னு சொல்லுவாங்க. உங்கப்பா பேதின்னு எழுதுவாரு. வெள்ளையா ஒரு மருந்து குடுத்து, அவரு கண்ணு முன்னாடியே குடிக்கச் சொல்லுவாரு. குடிச்சிட்டு நாலு நாளைக்கு எங்கம்மா கக்கூசு போவ முடியாம கெடப்பாங்க. மறுபடியும் போவாங்க."

வராந்தாவில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். டத்தோ புத்தகத்தை வாங்கித் தகப்பனாரின் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"முதுகுவலிக்குத் தோட்டத்தில் லீவு கிடையாது" என்றார் மெதுவாக. அது மேடைக் குரல் அல்ல. "வயிற்றுப்போக்கு என்றால் ஒரு நாள் உண்டு. ஒட்டிக்கொள்ளும் என்று தொரைமார் பயப்படுவார்கள். அப்பாவுக்கு வேறு வழி இல்லை. மருந்து கொடுத்ததாகவும் கணக்குக் காட்ட வேண்டும்."

"தெரியும் டத்தோ. எங்கம்மாவும் அதுக்குத்தான் திரும்பத் திரும்பப் போனாங்க. உங்கப்பா பொய் எழுதியாவது பதினோரு நாள் குடுத்தாரு. நீங்க பொய் எழுத வேணாம். இந்தாளுக்கு முதுகுல எட்டு மில்லிமீட்டர் புண்ணு, தூக்கச் சொன்னோம், தூக்க மாட்டேன்னான். நடந்தத நடந்த மாதிரியே எழுதிக் குடுங்க. குடுக்காம நான் இங்கருந்து போக மாட்டேன்."

சொல்லிவிட்டு, நின்று நின்று முதுகு இழுத்ததால், கலாதேவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, பக்கவாட்டில் சரிந்து, டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரியே வாரியத்தின் தரையில் படுத்துக்கொண்டார். அவிழ்த்த துணியைச் சுருட்டித் தலைக்கு வைத்தாள் கலாதேவி.

ரஜீவ் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மனு முடியாமல் அடுத்த மனுவைக் கூப்பிட விதியில்லை. வெளியே பதினோரு மனுக்கள் இருந்தன. மூன்று மணிக்கு டத்தோ தைப்பிங்கில் ஒரு மண்டபத்தைத் திறந்துவைக்க வேண்டும்.

"எழுதும்" என்றார் டத்தோ கடைசியில்.

"எந்தக் கட்டத்துல டத்தோ?"

"கட்டத்துக்கு வெளியிலே எழுதும்."

ரஜீவின் பேனா தாளின் ஓரத்தில் தயங்கித் தயங்கி நகர்ந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் ஓரத்தில் எழுதியதில்லை. எட்டு மில்லிமீட்டர். மூட்டையைத் தூக்க மறுத்தார். காரணம், முதுகு. ஆறு வாரம் லேசான வேலை. டத்தோ கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவைத் திரும்ப வாங்கி, 'இது முன்னுதாரணம் ஆகாது' என்று தானே கீழே ஒரு வரி சேர்த்தார்.

தர்மேந்திரன் எழுந்து, கடிதத்தை இரண்டு முறை படித்து, சட்டையைப் போட்டுக்கொண்டார். மூட்டை வழியில் கிடந்தது. சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் பதினோரு பேரும் அவரவர் கட்டின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முதுகில் இருந்ததை இன்னொருவர் அவிழ்த்தார். கலாதேவி கடிதத்தை வாங்கி எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள், கீழே இருந்த கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு.

அடுத்த பெயராக பாப்பாவைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போனாள். உடம்பில் ஏழு மில்லிமீட்டரைத் தவிர ஒன்றும் இல்லை. தலை குனியவில்லை.

"டத்தோ, மொதல்லியே சொல்லிடுறேன்" என்று அவள் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "நான் இந்த மூட்டைய தூக்க மாட்டேன். எழுதிக்குங்க."